குவளையில் இருப்பது தண்ணீரா?

குடி குடியைக் கெடுக்கும் என்பதைக் கேட்டிராதவர் நம்மில் எவரும் இல்லை. கேட்டும் ஏன் குடிக்கிறார்கள் என்றால் துயரம், உடல் அலுப்பு, சேர்க்கை, பழக்கம் என்று பெரியவர்கள் பல காரணங்களை அடுக்குவார்கள். ஆனால் பதினேழு, பதினெட்டு வயதில் முதன்முதலாக மதுக்குவளையைக் கையில் எடுக்கும் இளைஞனைக் கேட்டுப் பாருங்கள். அவனுக்குச் சொல்லத்தக்க துயரமும் இல்லை, அலுப்பும் இல்லை. "சும்மா, ஒரு விளையாட்டுக்குத்தான்" என்பான்.

இக்கட்டுரை அந்த "விளையாட்டு" என்ற சொல்லைப் பற்றியது. குடிப்பதை விளையாட்டாக்குவதால் யாருக்கு லாபம்? அந்த விளையாட்டு உடலுக்குள் என்ன செய்கிறது? முதற் கேள்விக்கு வணிகத்திலும், இரண்டாவது கேள்விக்கு அறிவியலிலும் விடை தேட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை முழுதாக விளங்கும்.

ஒரு பந்தும் சில குவளைகளும்

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடையே ஒரு விளையாட்டு வெகுகாலமாக வழக்கில் உள்ளது. நீண்ட மேசையின் இரு முனைகளிலும் பியர் ஊற்றிய குவளைகளை அடுக்கி வைப்பார்கள். மேசைப்பந்தாட்டத்தில் பயன்படும் சிறு பந்தை எதிராளியின் குவளைக்குள் விழும்படி எறிய வேண்டும். பந்து விழுந்த குவளையை எதிராளி குடித்துத் தீர்க்க வேண்டும். இதற்கு "பியர் பாங்" என்று பெயர்.

பட்வைசர் பியரைத் தயாரிக்கும் ஆன்ஹைசர்-புஷ் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் இதே விளையாட்டுக்கு "பட் பாங்" என்று தன் சரக்கின் பெயரைச் சூட்டியது. தன் முத்திரை பொறித்த மேசைகள், பந்துகள், குவளைகள் ஆகியவற்றை விநியோகஸ்தர்கள் மூலம் மதுக்கூடங்களுக்குக் கிடைக்கச் செய்தது. இது இளைஞர்களை வரம்பின்றிக் குடிக்கத் தூண்டுமே என்று கேட்கப்பட்டபோது நிறுவனம் ஒரு பதிலை ஆயத்தமாக வைத்திருந்தது: விளையாட்டின் விதிப்படி குவளைகளில் ஊற்ற வேண்டியது பியர் அல்ல, தண்ணீர்!

பியர் நிறுவனம், பியரின் பெயர், பியர் விற்கும் இடம், பியர் குடிப்போரின் விளையாட்டு. குவளையில் மட்டும் தண்ணீராம். இதை நம்புவதற்குப் பச்சைக் குழந்தையும் தயங்கும். அவ்வாண்டு அக்டோபரில் பத்திரிகைகளில் செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்ததும் நிறுவனம் அந்த விளையாட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. விதியில் சொன்னபடி அது விளையாடப்படவில்லை என்று காரணமும் கூறியது.

அந்தத் தண்ணீரை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். நம் நாட்டிலும் அதை வேறொரு வடிவில் சந்திக்கப் போகிறோம். அதற்கு முன், குவளையில் இருப்பது உண்மையில் மதுவாக இருந்தால் என்ன நேரும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

குளமும் மடையும்

நாங்குநேரி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குக் குளத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கால்வாய் வழியே நீர் வருகிறது. மடை வழியே வெளியேறுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரத்து மிகுந்தால் குளம் மறுகால் பாய்கிறது. மறுகாலும் போதாதபோது கரை உடைகிறது.

மது அருந்தியவரின் உடலையும் ஒரு குளமாக எண்ணிக்கொள்ளலாம். வாய்தான் கால்வாய். மடை கல்லீரல். ஆனால் இந்த மடைக்கும் நம் ஊர்க் குளத்து மடைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. குளத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் மடையில் பாயும் நீரின் வேகமும் கூடும். மட்டம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகும். இது டாரிசெல்லியின் விதி, பள்ளியில் படித்திருப்பீர்கள். கல்லீரல் என்ற மடையோ மட்டத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவதில்லை. ஆல்கஹாலைச் சிதைக்கும் என்சைம்கள் சிறிதளவு ஆல்கஹால் வந்தவுடனேயே முழு அளவில் வேலையில் ஈடுபட்டுவிடுகின்றன. அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் அவற்றின் வேகம் அநேகமாக மாறுவதில்லை. ஏறத்தாழ 60 கிலோ எடையுள்ள ஒருவரின் கல்லீரல் மணிக்குச் சுமார் 7 கிராம் ஆல்கஹாலைத்தான் அகற்றும். ஆளுக்கு ஆள் இது சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் காப்பி குடிப்பதாலோ, மோர் குடிப்பதாலோ, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொள்வதாலோ இந்த வேகம் கூடிவிடாது.

இனி வரத்தைக் கணக்கிடுவோம். இந்தியாவில் விற்கும் விஸ்கி, பிராந்தி வகைகளில் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது. 30 மி.லி. மதுவில் 12.8 மி.லி. ஆல்கஹால். இதன் அடர்த்தி 0.79. எனவே எடை சுமார் 10 கிராம். அதாவது ஒரே ஒரு 30 மி.லி.யை அகற்றக் கல்லீரலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

நான்கு நண்பர்கள் சீட்டாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்றவன் 30 மி.லி.யை ஒரே மடக்கில் குடிக்க வேண்டும் என்பது பந்தயம். நாற்பது நிமிடத்தில் ஒருவன் ஆறு முறை தோற்கிறான். அவன் குடித்தது 180 மி.லி.; வழக்கில் சொன்னால் ஒரு குவார்ட்டர். ஆல்கஹால் 61 கிராம். அந்த நாற்பது நிமிடத்தில் மடை வழியே வெளியேறியது 5 கிராமுக்கும் குறைவு. மீதி 56 கிராம் குளத்திலேயே நிற்கிறது. 60 கிலோ எடையுள்ள ஆணின் இரத்தத்தில் இது 100 மி.லி.க்கு ஏறத்தாழ 140 மில்லிகிராம் என்ற அளவை எட்டச் செய்யும். வாகனம் ஓட்டுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆவது பிரிவு விதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். நமது ஆட்டக்காரன் அதைப்போல் நாலரை மடங்கு தாண்டிவிட்டான். நள்ளிரவு 12 மணிக்கு ஆட்டம் முடிந்து, உறங்கி எழுந்து, காலை 6 மணிக்கு "தெளிந்துவிட்டது" என்று மோட்டார் சைக்கிளை எடுத்தால், அப்போதும் அவன் சட்ட வரம்புக்கு மேலேயே இருப்பான். நாங்குநேரியைத் தொட்டுச் செல்லும் நாற்கரச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஓட்டுபவர் பிரேக்கை அழுத்த அரை விநாடி தாமதித்தால் 8 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். குறுக்கே வரும் ஆட்டுக்கும் ஆளுக்கும் அந்த எட்டு மீட்டர்தான் உயிர்.

காலம் தாழ்ந்து வரும் எச்சரிக்கை

"அளவு மிஞ்சினால் எனக்கே தெரியும், நிறுத்திக்கொள்வேன்" என்று பலர் சொல்வதுண்டு. மெதுவாகக் குடிப்பவரின் விஷயத்தில் இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். விளையாட்டில் அதுவும் இல்லை.

வயலில் நீர் பாய்ச்சும் விவசாயியைப் பாருங்கள். கடைசிப் பாத்தியில் நீர் நிரம்பிய பிறகு மோட்டாரை நிறுத்த மாட்டார். நிறுத்திய பின்னும் வாய்க்காலில் நிற்கும் நீர் வந்துகொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். குடித்த ஆல்கஹாலின் செயலும் அப்படித்தான். வயிற்றிலிருந்தும் சிறுகுடலிலிருந்தும் இரத்தத்தில் கலந்து உச்ச அளவை எட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். உணவு உண்டிருந்தால் இன்னும் தாமதமாகும். ஆகவே இந்த நிமிடத்தில் ஒருவர் உணரும் போதை, அரை மணிக்கு முன்பு குடித்ததன் பலன். இப்போது குடிப்பதன் பலன் இனிமேல்தான் வரப்போகிறது.

ஒவ்வொரு சுற்றும் ஏழு நிமிடத்தில் முடிகிற ஆட்டத்தில், முதற் சுற்றின் எச்சரிக்கை வந்து சேர்வதற்குள் நான்கு, ஐந்து சுற்றுகள் முடிந்துவிடுகின்றன. உடலின் பிரேக்கை ஏமாற்ற இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை எவரும் வகுக்க முடியாது.

தோற்பவன் மேலும் தோற்பான்

இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லா விளையாட்டிலும் தோற்றவனுக்கு ஓய்வும் பயிற்சியும் கொடுத்து மறுமுறை வெல்ல வழி செய்வார்கள். இங்கே தோற்றவனுக்குத் தண்டனை குடி. குடித்தால் கை நடுங்கும், கவனம் சிதறும், கணக்குத் தவறும். ஆகவே அடுத்த சுற்றிலும் அவனே தோற்பான், மறுபடியும் குடிப்பான். விளைவே காரணத்தை வளர்க்கும் இத்தகைய அமைப்பை இயற்பியலில் நேர்ப் பின்னூட்டம் என்கிறோம். ஒலிபெருக்கியின் முன் மைக்கைக் கொண்டுபோனால் காதைப் பிளக்கும் ஊளை கிளம்புகிறதே, அது இதற்கு எளிய எடுத்துக்காட்டு. யாராவது போய் இணைப்பைத் துண்டிக்கும்வரை அது தானாக அடங்காது.

சாதாரணமாகக் குடிப்பவருக்கு "போதும்" என்று சொல்லும் உரிமையாவது இருக்கிறது. விளையாட்டு அந்த உரிமையையும் பறித்துவிடுகிறது. எப்போது குடிப்பது என்பதைச் சீட்டு முடிவு செய்கிறது. எவ்வளவு என்பதை விதி முடிவு செய்கிறது. மறுத்தால் "பயந்தாங்கொள்ளி" என்ற பட்டத்தைக் கூட்டம் சூட்டுகிறது. நிதானம் உள்ளவனைத் தண்டித்து, நிதானம் இழந்தவனைக் கைதட்டி வரவேற்கும் ஓர் ஏற்பாட்டுக்கு விளையாட்டு என்று பெயர் வைத்ததுதான் இதில் உள்ள பெரிய மோசடி.

நம் நாட்டுத் தண்ணீர்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். தொலைக்காட்சியில் மது விளம்பரத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ காட்டக் கேபிள் தொலைக்காட்சி விதிகள் தடை விதிக்கின்றன. ஆயினும் உங்கள் வகுப்பில் உள்ள மாணவர்களை மது வகைகளின் பெயர்களைச் சொல்லச் சொன்னால் பத்துப் பெயர்களையாவது சொல்வார்கள். கடைக்குள் காலடி வைக்காதவனும் சொல்வான். எப்படி?

மெக்டவல்ஸ் நம்பர் 1 சோடா, பேக்பைப்பர் சோடா, கிங்ஃபிஷர் குடிநீர், இம்பீரியல் ப்ளூ இசைத்தட்டு என்று விளம்பரங்கள் வந்ததை நினைத்துப் பாருங்கள். பெயர் மதுவின் பெயர். எழுத்தும் முத்திரையும் மதுப் புட்டியில் உள்ளவை. விற்பதாகச் சொன்ன பொருள் மட்டும் சோடா, தண்ணீர், பாட்டு! அமெரிக்க நிறுவனம் குவளைக்குள் ஊற்றிய அதே தண்ணீரை நம் நாட்டு நிறுவனங்கள் விளம்பரத்துக்குள் ஊற்றின. இதைப் பதிலி விளம்பரம் என்பார்கள்.

2009-ஆம் ஆண்டில் விதிகள் திருத்தப்பட்டபோது, மதுவின் பெயரைத் தாங்கிய வேறு பொருள்களுக்குச் சில நிபந்தனைகளுடன் விளம்பர அனுமதி கிடைத்தது. மதுவை நினைவூட்டும் சொல், நிறம், அமைப்பு எதுவும் இருக்கக் கூடாது. மது விளம்பரத்துக்கே உரிய சூழ்நிலைகளைக் காட்டக் கூடாது. பொருள் உண்மையிலேயே கடைகளில் போதிய அளவு கிடைக்க வேண்டும் என்பவை அவற்றுள் சில. நல்ல நிபந்தனைகள்தாம். ஆனால் சோடா குடிக்க நண்பர்கள் இரவில் கூடி, ஒருவரையொருவர் தோளில் தட்டி, வெற்றிக் கூச்சலிட்டு ஆடுவார்களா? சோடாவுக்கு அந்தக் கொண்டாட்டம் எதற்கு?

விளையாட்டின் கதையும் இதுவே. 2008-இல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது பெங்களூர் அணிக்கு "ராயல் சேலஞ்சர்ஸ்" என்று பெயர் வைக்கப்பட்டது. அணியை வாங்கிய மது நிறுவனக் குழுமத்தின் விஸ்கி ஒன்றின் பெயர் "ராயல் சேலஞ்ச்". அன்று முதல் அந்தப் பெயரை உச்சரித்து ஆர்ப்பரித்த பள்ளிச் சிறுவர்கள் எத்தனை பேர்! அவர்கள் மதுவை வாழ்த்தவில்லை, தங்கள் அணியை வாழ்த்தினார்கள் என்பது உண்மை. விளம்பரக்காரருக்கு வேண்டியதும் அதுதான். பெயர் முதலில் அன்பாக மனத்தில் இடம் பிடித்துவிட்டால், புட்டி பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும்.

2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பதிலி விளம்பரத்தை வெளிப்படையாகவே தடை செய்தன. ஆனால் அதே நெறிகள், வேறு வகையில் ஆட்சேபம் இல்லாதபோது பெயர் ஒன்றாக இருப்பதை மட்டும் கொண்டு ஒன்றைப் பதிலி விளம்பரம் என்று கொள்ளலாகாது என்றும் கூறுகின்றன. கதவைச் சாத்திவிட்டுச் சன்னலைத் திறந்து வைப்பது என்பது இதுதான்.

யார் பொறுப்பு?

இங்கே ஒரு மறுப்பு எழலாம். சீட்டுப் பந்தயத்தை எந்த நிறுவனமும் நாங்குநேரிக்கு வந்து சொல்லிக்கொடுக்கவில்லையே, இளைஞர்கள் தாமாகத்தானே ஆடுகிறார்கள் என்று கேட்பார்கள். 2010-இல் அமெரிக்காவில் இதே கேள்வி எழுந்தது. ஸ்மிர்னாஃப் ஐஸ் என்ற பானத்தின் புட்டியை ஒளித்து வைப்பார்கள்; அதைக் கண்டவன் மண்டியிட்டு ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். இணையம் வழியே இந்த விளையாட்டுக் காட்டுத்தீயாய்ப் பரவியது. அதைத் தாங்கள் உருவாக்கவும் இல்லை, ஊக்குவிக்கவும் இல்லை என்று அந்நிறுவனம் கூறியது. அதை மறுக்க நம்மிடம் சான்று இல்லை, ஒப்புக்கொள்வோம். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மது என்றால் நட்பு, மது என்றால் வீரம், மது என்றால் வெற்றி என்று ஆண்டுக்கணக்கில் கற்பித்துவிட்டால், அந்தப் பாடத்தை வைத்து மாணவர்களே விளையாட்டை உண்டாக்கிக்கொள்ள மாட்டார்களா? "பொறுப்புடன் அருந்துங்கள்" என்று அடியில் சிறு எழுத்தில் அச்சிடுவது, மேலே பெரிய எழுத்தில் கற்பித்ததை அழித்துவிடுமா?

நம் மாநிலத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1983-இல் தொடங்கப்பட்ட டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிறது. விற்பவரும் அரசு, விதி வகுப்பவரும் அரசு. விதிப்படி 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. பட்டப்படிப்பு மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். அப்படியானால் கல்லூரி மாணவன் கையில் புட்டி இருக்கும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு விதி மீறப்பட்டிருக்கிறது என்றுதானே பொருள்? மது கேடு என்று பலகையில் எழுதி வைத்தால் மட்டும் போதாது. வயதைக் கேட்டு விற்க மறுக்கும் நாள் வர வேண்டும்.

சட்டத்தால் எதுவும் முடியாது என்று கைவிரிக்கவும் வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த ஆணை, குறிப்பிட்ட நேரத்துக்குள் குடிக்கும்படியோ இயன்ற அளவு குடிக்கும்படியோ தூண்டும் விளையாட்டுகளை மதுக்கூடங்களில் நடத்தக் கூடாது என்று தடுத்தது. குடிப்பதைத் தடை செய்யாத நாடும் வேகமாகக் குடிக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. குளமும் மடையும் பற்றிய கணக்கு அவர்களுக்கும் பொதுதானே.

நாம் செய்யக்கூடியவை

மாணவர்களே, இரண்டு காரியங்களைச் செய்யுங்கள்.

முதலாவது ஓர் ஆய்வு. மதுவின் பெயரைத் தாங்கிய சோடா, குடிநீர் போன்ற பொருள்களின் விளம்பரங்கள் ஒரு வார காலத்தில் உங்கள் கண்ணில் எத்தனை முறை படுகின்றன என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். பின்பு உங்கள் ஊரிலுள்ள மளிகைக் கடைகளிலும் பெட்டிக் கடைகளிலும் அந்தப் பொருள் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். விளம்பரம் நூறாகவும் பொருள் பூஜ்யமாகவும் இருந்தால், விளம்பரம் செய்யப்பட்டது எது என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லிவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அதைப் புகாராகவும் தெரிவிக்கலாம். அவதானித்து, எண்ணி, முடிவுக்கு வருவதுதானே அறிவியல்!

இரண்டாவது, உயிரைக் காக்கும் செய்தி. கோயில் கொடையிலோ, நண்பர் வீட்டு விசேஷத்திலோ, விடுதி அறையிலோ பந்தயம் போட்டுக் குடித்த ஒருவன் தட்டி எழுப்பியும் எழாமல் கிடந்தால், "தூங்கட்டும், காலையில் தெளியும்" என்று விட்டுவிடாதீர்கள். அவன் கடைசியாகக் குடித்தது இன்னும் வயிற்றில் இருக்கிறது. நினைவிழந்த பிறகும் இரத்தத்தில் ஆல்கஹால் ஏறிக்கொண்டே போகும். 100 மி.லி.க்கு 300 மில்லிகிராமை நெருங்கும்போது நினைவு தவறும். 400-ஐத் தாண்டினால் மூச்சே நின்றுவிடக் கூடும். வாந்தி என்பது குளத்தின் மறுகால் போன்றது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் முயற்சி. ஆனால் நினைவற்று மல்லாந்து கிடப்பவனுக்கு அந்த வாந்தியே மூச்சுக்குழலை அடைத்து எமனாகிவிடும். எனவே அவனை உடனே ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எலுமிச்சைச் சாறோ மோரோ வாயில் ஊற்றாதீர்கள். 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அவனைவிட்டு அகலாதீர்கள். வீட்டில் திட்டுவார்கள், கல்லூரியில் பெயர் கெடும் என்று அஞ்சிக் காலம் கடத்தாதீர்கள். கெட்ட பெயரை மாற்றிக்கொள்ளலாம். போன உயிரை மீட்க முடியாது.

நம் வட்டாரத்தில் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள் பலர். பீடி சுற்றியும், பனையேறியும், வயலில் இறங்கியும் பெற்றோர் சேர்த்த பணத்தில் அவர்கள் படிக்கிறார்கள். அப்படி வந்தவனின் மூன்றாண்டுப் படிப்பும் அவன் வீட்டாரின் முப்பதாண்டு நம்பிக்கையும் நாற்பது நிமிட ஆட்டமொன்றில் பணயமாக வைக்கப்படுகின்றன. ஆட்டத்தில் வென்றவன் என்று அன்றிரவு கைதட்டல் வாங்குபவனுக்கும் பரிசு எதுவும் இல்லை. விற்ற ஒவ்வொரு புட்டிக்கும் லாபம் பெறுபவர்கள் அந்த மேசைக்கு வருவதே இல்லை. ஆகவே அவர்கள் தோற்பதும் இல்லை.

அடுத்த முறை உங்கள் முன் குவளையை நீட்டி, "விளையாட்டுக்குத்தான்" என்று யாராவது சொன்னால் பந்தயத்தில் சேராதீர்கள். குளத்துக்கு வரத்து எவ்வளவு, மடையின் அளவு எவ்வளவு என்று கேளுங்கள். இயற்பியல் படித்தவனுக்கு அந்தக் கணக்கைப் போட ஒரு நிமிடம் போதும்.